‘இனேஷ்’ என்றால் ஆட்டுக்குட்டியா, தூய்மையா?

கேள்வி: போர்ச்சுகலில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு போர்த்துகீசியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருக்கிறான். அவர்களுக்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. ‘இனேஷ்’ என்று பெயர் வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் ‘ஆட்டுக்குட்டி’ என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் ‘தூய்மையானவள்’ என்று இருக்கிறது. ஸ்பானியப் பெயர் என்றும் சிலர் சொல்கிறார்கள். இதற்கிடையில், அந்தப் பெயர் கொண்ட ஒரு பெண்ணை அந்நாட்டு ராஜாவே கொல்லச் சொன்னார் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, ‘ராசியில்லாத பெயர், வேண்டவே வேண்டாம்’ என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உண்மையான பொருள் என்ன? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: அத்தையாகப்போகும் உங்களுக்கு முதலில் வாழ்த்துகள். அம்மாவின் கவலையை ஒதுக்கித் தள்ளாமல் பதில் சொல்கிறேன். அந்தக் கொலை உண்மையிலேயே நடந்தது, மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அது இந்தப் பெயரின் பயணத்தில் நடுவழியில் வந்து சேர்ந்த கதை. அதற்கு முன்பே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. ஆகவே வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

இனேஷ் என்பது உங்கள் குடும்பத்துக்குப் புதிய பெயராக இருக்கலாம், தமிழ்நாட்டுக்குப் புதியதில்லை. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் கத்தோலிக்கக் குடும்பங்களில் ‘ஆக்னஸ்’ என்ற பெயரை எளிதாகக் கேட்கலாம். அந்த ஆக்னஸும் இந்த இனேஷும் ஒரே பெயர்தான். இத்தாலியர் ‘ஆன்யேசே’ என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் ‘ஆன்யெஸ்’ என்கிறார்கள், ஸ்பானியர் ‘இனேஸ்’ என்கிறார்கள். யோவான் என்ற பெயர் ஜான், ஜொவான்னி, இவான் என்று நாட்டுக்கு நாடு உருமாறியதைப் போலவே இதுவும் உருமாறியிருக்கிறது.

மூலம் கிரேக்க மொழி. ‘ஹக்னோஸ்’ என்ற பெயரடையின் பெண்பால் வடிவம் ‘ஹக்னே’. அகராதியைப் புரட்டினால் ‘தூய’, ‘கற்புடைய’ என்று பொருள் இருக்கும். அது சரி, ஆனால் முழுமையில்லை. ஹோமரின் ஒடிசியில் இந்த அடைமொழி யாருக்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: ஒருத்தி ஆர்ட்டெமிஸ், வில்லேந்திக் காட்டில் திரியும் கன்னித் தெய்வம். இன்னொருத்தி பெர்செஃபொனி, இறந்தோர் உலகின் அரசி. அழுக்கு நீங்கிய சுத்தத்தை மட்டும் குறிக்கும் சொல்லாக இருந்தால் இறந்தோர் உலகின் அரசிக்கு அது பொருந்தியிருக்காது. நெருங்கினால் மெய்சிலிர்க்க வைக்கும் புனிதம், தொட அஞ்ச வைக்கும் தெய்வத்தன்மை, இவையே அந்தச் சொல்லின் பழைய உயிர். சங்கப் பாடல்களில் வரும் ‘அணங்கு’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் ஹக்னேயின் பொருள் தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். ‘தூய்மை’ என்ற மொழிபெயர்ப்பைவிட அது நெருக்கமானது என்பது என் கருத்து.

இந்தச் சொல்லுக்கு இந்தியாவிலும் ஒரு சொந்தம் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஹக்னோஸ்’ பிறந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தில் ‘யஜ்’ என்ற வினையும் பிறந்தது. ‘வழிபடு, வேள்வி செய்’ என்பது அதன் பொருள். யக்ஞம், யாகம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. யாகம் செய்விப்பவர் ‘யஜமானர்’; அதைத்தான் நாம் ‘எசமான்’ ஆக்கிக்கொண்டோம். குழந்தையின் பெயரில் வேள்வியின் வேர் இருக்கிறது என்று அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ‘ஆக்னஸ் என்றால் அக்னி’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒலி ஒத்திருப்பதால் இந்தக் கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. அக்னிக்கு இலத்தீனில் உறவான சொல் ‘இக்னிஸ்’ (நெருப்பு). அது வேறு குடும்பம். ஆக்னஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதேபோல் ‘இன + ஈசன் = இனேஷ்’ என்று பிரித்துப் பொருள் சொல்பவர்களும் கிளம்பலாம். அதற்கும் ஆதாரம் கிடையாது.

கிரேக்க அடைமொழியாக இருந்த சொல்லை உலகமெல்லாம் கொண்டுபோனது ரோமைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற சிறுமி. டயோக்ளீஷியன் பேரரசர் காலத்தில், 304-ஆம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டாள் என்பது மரபு. அவளைப் பற்றி எழுதியவர்களில் காலத்தால் முந்தியவர்களில் ஒருவர் மிலான் நகர ஆயர் அம்புரோஸ். 377-இல் கன்னியரைப் பற்றி அவர் எழுதிய நூலில், அவளுக்குப் பன்னிரண்டு வயது என்கிறார். இவ்வளவு சிறிய உடலில் வெட்டு விழுவதற்கு இடம் இருந்ததா என்று கேட்கிறார். விலங்கு பூட்டக் கொண்டுவந்தால் அந்தச் சின்னக் கைகளுக்கு எந்த விலங்கும் பொருந்தவில்லையாம். எல்லாம் பெரிதாக இருந்தன. கொல்ல வந்தவன் நடுங்கினான், அவள் நடுங்கவில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் ஆக்னஸ் என்ற பெயர் ஐரோப்பாவில் பெண் குழந்தைகளுக்குத் தொடர்ந்து வைக்கப்பட்டதற்குக் காரணம் கிரேக்க அகராதி இல்லை. இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்தான்.

ரோம் நகரின் நொமெந்தானா சாலையில், அவள் கல்லறைமீது எழுப்பப்பட்ட ஆலயம் இன்றும் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் தமாசுஸ் அவளுக்காக எழுதிய செய்யுள் பொறித்த பளிங்குப் பலகையும் அங்கே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹொனோரியுஸ் கட்டியது. கருவறை வளைவில் அவர் அமைத்த மொசைக் ஓவியத்தில் ஆக்னஸ் பொன்னிறப் பின்னணியில் அரசியைப் போல நிற்கிறாள். காலடியில் வாளும் நெருப்பும் இருக்கின்றன. ஆட்டுக்குட்டி இல்லை.

அப்படியானால் ஆட்டுக்குட்டி எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘ஆக்னுஸ்’ என்றால் ஆட்டுக்குட்டி. கிரேக்க ஹக்னேக்கும் இலத்தீன் ஆக்னுஸுக்கும் பிறப்பால் உறவில்லை. காதுக்கு மட்டுமே ஒற்றுமை. ஆனால் இலத்தீன் பேசிய ரோமாபுரி மக்களுக்கு ஆக்னஸ் என்றதும் ஆட்டுக்குட்டிதான் நினைவுக்கு வந்திருக்கும். போதாக்குறைக்கு, கிறிஸ்துவையே ‘கடவுளின் ஆட்டுக்குட்டி’ என்று அழைக்கும் சமயம் அது. பலியான சிறுமி, பலியாகும் ஆட்டுக்குட்டி என்ற இரண்டும் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன. இறந்த சில நாட்களில் அவள் ஆட்டுக்குட்டியோடு பெற்றோருக்குக் காட்சி தந்தாள் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. இத்தாலியின் ரவென்னா நகரில், புனித அப்போலினாரே புதிய ஆலயத்தின் 6-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் கன்னியர் வரிசையாக நடந்து செல்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே முகம், ஒரே உடை. காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்பதால் அவர்களில் ஆக்னஸ் யார் என்று கண்டுகொள்ளலாம்.

ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சொற்பிறப்புப்படி ‘தூய்மை’ சரி. மரபுப்படி ‘ஆட்டுக்குட்டி’யும் சரி. இந்த வழக்கைப் புனித அகுஸ்தீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்துவிட்டார். ஆக்னஸின் திருநாளில் ஆற்றிய மறையுரையில், இலத்தீனில் அவள் பெயருக்கு ஆட்டுக்குட்டி என்றும் கிரேக்கத்தில் கற்புடையவள் என்றும் பொருள், பெயர் எதைச் சொன்னதோ அதுவாகவே அவள் இருந்தாள் என்று கூறினார்.

இந்த ஆட்டுக்குட்டி இன்றும் உயிரோடு நடமாடுகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளில் ரோமில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. மரபுப்படி அந்தக் கம்பளியையும் சேர்த்து, ‘பாலியம்’ எனப்படும் வெண்ணிறத் தோள்பட்டையைக் கன்னியர் நெய்கிறார்கள். ஜூன் 29, புனித பேதுரு-பவுல் திருநாளில் அதைப் பாப்பரசர் ஆசீர்வதித்துப் புதிய பேராயர்களுக்கு அளிக்கிறார். சென்னை-மயிலாப்பூர் பேராயரும் மதுரைப் பேராயரும் அணிவது அந்தப் பாலியம்தான்.

ஆக்னஸ் எப்படி இனேஷ் ஆனாள்? ‘க்ன’ என்று சேர்ந்து வரும் இலத்தீன் மெய்களில் போர்த்துகீசியம் பல இடங்களில் ‘க்’ ஒலியைக் கைவிட்டுவிட்டது. ‘கையெழுத்திடு’ என்ற பொருள்படும் போர்த்துகீசிய ‘அசினார்’ இலத்தீன் ‘அசிக்னாரே’யிலிருந்து வந்தது. ‘இக்னாத்தியுஸ்’ என்ற ஆண் பெயர் ‘இனாசியு’ ஆனது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற பெயர்களில் ஒன்றான நம் ‘இன்னாசி’ அதுவேதான். அதில் ‘க்’ இல்லாததற்கும் இனேஷில் ‘க்’ இல்லாததற்கும் காரணம் ஒன்று. இரண்டும் ஒரே பெயரின் ஆண்பால் பெண்பால் என்று எண்ணிவிடாதீர்கள். வேர் வேறு, தேய்ந்த விதம் மட்டும் ஒன்று.

ஒலியில் ‘க்’ போய்விட்டாலும் எழுத்தில் அது நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசிய அச்சு நூல்களில் இந்தப் பெயர், நடுவில் ஒலிக்காத ஒரு ‘ஜி’ எழுத்தோடும் கடைசியில் ‘இசட்’ எழுத்தோடும் இருக்கும். 1911-இல் போர்ச்சுகல் தன் எழுத்துமுறையைச் சீர்திருத்தியபோது இப்படிப்பட்ட ஒலிக்காத எழுத்துகளைக் களைந்தது. இன்றைய எழுத்துக்கூட்டல் அப்போது நிலைபெற்றது. கோவாவிலோ பிரேசிலிலோ பழைய குடும்பப் பதிவேடுகளைப் பார்த்தால் பழைய எழுத்துக்கூட்டலைக் காணலாம். அதுவும் இதே பெயர்தான்.

ஸ்பானியப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். இரு மொழிகளும் ஒரே இலத்தீன் பெயரைத் தனித்தனியே பெற்று வளர்த்தன. வேறுபாடு, ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘e’ எழுத்தின் தலையிலுள்ள குறியில் இருக்கிறது. ஸ்பானியர் ஒற்றைச் சாய்கோடு போடுவார்கள். போர்த்துகீசியர் கூரை போன்ற தொப்பிக் குறி போடுவார்கள். போர்த்துகீசிய எழுத்துமுறையில் சாய்கோடு வாயைத் திறந்து ஒலிக்கும் ‘எ’வைக் காட்டும்; தொப்பி வாயைக் குறுக்கி ஒலிக்கும் ‘ஏ’வைக் காட்டும். அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும் என்பதையும் அதே குறி சொல்கிறது. அழைப்பிதழ் அச்சடிக்கும்போது சாய்கோடு போட்டுவிட்டால் உங்கள் தம்பி மனைவியின் வீட்டார் உடனே கவனிப்பார்கள்.

இனி அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அவர் கேள்விப்பட்டது இனேஷ் தெ காஸ்த்ரோவின் கதை. போர்ச்சுகலில் பள்ளிக்குப் போன யாருக்கும் இது தெரியும். இன்றைய ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள காலிசியாவின் பெரிய பிரபு ஒருவருக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவள் இனேஷ். 1340-இல் கொன்ஸ்தான்சா என்ற பிரபுகுலப் பெண் போர்த்துகீசிய இளவரசன் பெட்ரோவுக்கு மனைவியாக வந்தபோது, அவளுடைய தோழியாக இனேஷும் வந்தாள். இளவரசனின் மனம் மனைவியை விட்டுத் தோழியிடம் போயிற்று. பெட்ரோவின் தந்தை, மன்னர் நான்காம் அஃபோன்சோ, இனேஷை எல்லைக்கு அப்பால் அனுப்பிவைத்தார். கொன்ஸ்தான்சா இறந்த பிறகு பெட்ரோ அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டான். கொயிம்ப்ரா நகரில், சாந்தா கிளாரா மடத்தின் அருகே இருவரும் குடும்பமாகவே வாழ்ந்தார்கள். நான்கு குழந்தைகள் பிறந்தன, மூன்று பிழைத்தன.

மன்னரின் அச்சம் காதலைப் பற்றியது மட்டுமில்லை. இனேஷின் சகோதரர்கள் அண்டை நாடான காஸ்தில் அரசியலில் ஆழமாகக் கால் வைத்தவர்கள். அவர்கள் பெட்ரோவை அந்நாட்டுச் சண்டைகளுக்குள் இழுப்பார்கள், கொன்ஸ்தான்சாவின் மகன் ஃபெர்னாந்தோவுக்கு உரிய அரியணையை இனேஷின் பிள்ளைகளுக்குத் திருப்பிவிடுவார்கள் என்று அவையினர் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். 1355 ஜனவரி 7 அன்று, பெட்ரோ இல்லாத நேரத்தில், மன்னரின் ஒப்புதலோடு அவளைக் கொன்றார்கள். பெரு கொயேலு, ஆல்வரு கொன்சால்வெஷ், தியோகு லோப்பெஷ் பஷேக்கு என்று மூன்று பேரின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன.

பெட்ரோ தந்தைக்கு எதிராக வாளெடுத்தான். சில மாதங்களில் சமாதானம் ஆயிற்று. 1357-இல் அரியணை ஏறியதும் தப்பியோடியவர்களைத் தேடத் தொடங்கினான். காஸ்தில் அரசனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவனுடைய எதிரிகளை இங்கிருந்து அனுப்பி, தன் எதிரிகளை அங்கிருந்து வரவழைத்தான். பஷேக்கு மட்டும் தப்பிவிட்டான். மற்ற இருவரின் இதயங்களையும் சந்தாரெம் நகரில் பிடுங்கவைத்தான்: ஒருவனுக்கு மார்பு வழியாக, மற்றவனுக்கு முதுகு வழியாக. அடுத்த நூற்றாண்டில் இதை எழுதிவைத்த ஃபெர்னாவ் லோப்பெஷ், மன்னன் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பார்த்தான் என்கிறார். கொயேலு என்றால் போர்த்துகீசியத்தில் முயல். ‘முயலுக்கு வெங்காயமும் காடியும் கொண்டுவாருங்கள்’ என்று சொன்னானாம். அதே ஆசிரியர் இந்தப் பழிவாங்கலை மெச்சவில்லை. ஒப்பந்தத்தால் அகதிகளைக் கைமாற்றியது முறைகேடு என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்.

1360-இல் பெட்ரோ, தான் இனேஷை முன்பே ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டதாகச் சத்தியம் செய்து அறிவித்தான். பிறகு அவளுடைய உடலைக் கொயிம்ப்ராவிலிருந்து எடுத்து, வழிநெடுக மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்க, அல்கோபாசா மடாலயத்துக்குக் கொண்டுபோனான். பிணத்தை அரியணையில் உட்காரவைத்து, முடிசூட்டி, பிரபுக்களைக் கையை முத்தமிட வைத்தான் என்ற பயங்கரமான கதையைத்தான் உங்கள் உறவினர் அடுத்துச் சொல்லக்கூடும். அது பிற்காலப் புனைவு. ஃபெர்னாவ் லோப்பெஷிடம் அது இல்லை.

அல்கோபாசாவிலுள்ள கல்லறைகளோ புனைவு இல்லை. ஐரோப்பிய இடைக்காலச் சிற்பத்தில் அவற்றுக்கு நிகரானவை குறைவு என்று துணிந்து சொல்வேன். வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய இனேஷ் தலையில் முடியோடு படுத்திருக்கிறாள். ஆறு தேவதூதர்கள் சுற்றி நின்று அவளைத் தாங்குகிறார்கள். ஒரு கை கழுத்துமாலையின் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மறு கை கையுறையைப் பிடித்திருக்கிறது. கல்லறையின் கால்மாட்டில் இறுதித் தீர்ப்பு நாள்: மூடிக்கல்லை நகர்த்திக்கொண்டு மனிதர்கள் எழுந்திருக்கிறார்கள். பெட்டியின் அடியில், மனித முகமும் விலங்கு உடலும் கொண்ட உருவங்கள் அதைச் சுமந்து நசுங்கிக் கிடக்கின்றன. அவர்கள்தான் கொலையாளிகள் என்பது மக்கள் வழக்கு. பெட்ரோவின் கல்லறையில் ‘உலகம் முடியும் வரை’ என்று வாசிக்கப்படும் எழுத்துகள் உள்ளன. இரு கல்லறைகளும் முதலில் அருகருகே இருந்தவை. இப்போது ஆலயத்தின் இரு பக்கக் கைகளிலும் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த அமைப்பு என்று அங்கே போகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்படுகிறது. 1810-களில் படையெடுத்துவந்த பிரெஞ்சு வீரர்கள் புதையல் தேடி உடைத்த காயங்களும் அந்தக் கல்லில் தெரிகின்றன.

இந்தக் கதையை நாட்டின் பொதுச் சொத்தாக்கியவர் கவிஞர் கமோயிஷ். 1572-இல் வெளிவந்த அவருடைய ‘லூசியாதாஸ்’ காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் ‘அழகிய இனேஷ்’ என்று அவளை நேரில் விளித்துப் பாடுகிறார். தன் பிள்ளைகளைக் காட்டி அவள் மன்னரிடம் மன்றாடும் இடம், போர்த்துகீசிய இலக்கியத்தில் அதிகம் மனப்பாடம் செய்யப்பட்ட பகுதிகளில் ஒன்று. அதே காவியத்தின் பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூரும் புனித தோமாவும் வருகிறார்கள் என்பதை ஒரு தமிழ்க் குடும்பம் தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சு வழக்கிலும் அவள் இருக்கிறாள். ‘இப்போது சொல்லி என்ன, இனேஷ் இறந்துவிட்டாள்’ என்பது போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் அன்றாடம் புழங்கும் பழமொழி. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் அதைச் சொல்வார்கள். குழந்தை வளர்ந்தபின் பஸ் தவறிய கூட்டத்தில் யாராவது இதைச் சொல்லி அவளைச் சிரித்துக்கொண்டே பார்க்கக்கூடும். அந்தப் பெயருள்ளவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

அப்படியானால் பெயருக்கு ராசி இல்லையா? இதில் என் எண்ணம் உறுதியானது. போர்த்துகீசியர்கள் இனேஷைப் பாவப்பட்டவளாக நினைக்கிறார்கள், அவள் பெயரைத் தீண்டத்தகாததாக நினைக்கவில்லை. கணவனை இழந்து ஊரையே எரித்தவளின் பெயர் என்று தெரிந்துதானே நாம் பெண்களுக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தோம். அங்கேயும் பழி விழுந்தது கொன்றவர்கள்மீதுதான். 1990-கள் தொட்டுப் போர்ச்சுகலில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்படும் பெயர்களில் இனேஷ் ஒன்று. பிரேசிலில் போன தலைமுறைப் பெண்களிடம் ‘மரியா இனேஸ்’ என்ற இணைப்பாக அதிகம் கேட்கலாம்.

வம்சம் என்ற கோணத்தில் அம்மா யோசித்தால் இதையும் சொல்லுங்கள்: இனேஷின் மகள் பெயத்ரிஸ். பெயத்ரிஸின் மகள் லியோனோர், அரகோன் நாட்டு அரசி ஆனாள். லியோனோரின் பேரன்தான் கொலம்பஸை அனுப்பிய தம்பதியரில் ஒருவரான மன்னர் ஃபெர்டினாண்ட். அதன்பின் ஐரோப்பாவின் பல அரச குடும்பங்களில் இனேஷின் இரத்தம் ஓடியது. அவள் பிள்ளைகளுக்கு அரியணை போய்விடும் என்று அஞ்சிக் கொன்றார்கள். அவள் வழிவந்தவர்கள் அரியணைகளில் அமர்ந்தார்கள்.

அதோடு, போர்த்துகீசிய நினைவில் இன்னொரு இனேஷும் இருக்கிறாள், இவளுக்கு நேர்மாறானவள். 1523-இல் தோமார் நகரில் மன்னர் மூன்றாம் ஜுவாவின் முன்னிலையில் நாடகாசிரியர் ஜில் விசென்தெ அரங்கேற்றிய ‘இனேஷ் பெரேய்ரா’ என்ற கேலிநாடகத்தின் நாயகி. வீட்டில் உட்கார்ந்து தைத்துத் தைத்துச் சலித்துப்போன பெண். வசதியான நாட்டுப்புறத்தானை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வீணை வாசிக்கும் நாகரிக இளைஞனைக் கட்டிக்கொள்கிறாள். அவனோ அவளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறான். போருக்குப் போன அவன் இறந்த செய்தி வந்ததும், முன்பு ஒதுக்கிய நாட்டுப்புறத்தானையே மணந்துகொண்டு தன் விருப்பப்படி வாழ்கிறாள். ‘கீழே தள்ளும் குதிரையைவிடச் சுமந்து செல்லும் கழுதை மேல்’ என்ற பழமொழியை விளக்கவே அந்த நாடகம் எழுதப்பட்டது. அல்கோபாசாவின் இனேஷை அழுதுகொண்டு நினைப்பவர்கள், இந்த இனேஷைச் சிரித்துக்கொண்டு நினைக்கிறார்கள்.

நம் காலத்தில் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இனேஷ் என்ரிக்கெஷைச் சொல்வேன். 2017-இல் லண்டன் உலகத் தடகளப் போட்டியில் பெண்களுக்கான 50 கிலோமீட்டர் நடை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 4 மணி 5 நிமிடம் 56 நொடியில் நடந்து முடித்து, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார் இந்தப் போர்ச்சுகல் வீராங்கனை. பெண்களுக்கு அந்தத் தூரம் வேண்டும் என்று அவர் போராடியும் இருந்தார். ராசியைப் பற்றிப் பேசும் உறவினரிடம் இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி எழுதுவதும் அழைப்பதும். போர்ச்சுகலில் கடைசி எழுத்து ‘ஷ்’ என்றே ஒலிக்கும்: இ-னேஷ், அழுத்தம் ‘னேஷ்’ மீது. பிரேசிலில் பெரும்பாலும் ‘இனேஸ்’ அல்லது ‘இனெய்ஸ்’; ரியோ பக்கம் ‘இனெய்ஷ்’. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் அந்த ‘ஷ்’, ஆங்கில ‘இசட்’ ஒலியாக மாறிவிடும். முழுப் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது உங்கள் தம்பியே வேறு மாதிரி உச்சரிப்பதைக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. தினேஷ், கணேஷ், ரமேஷ் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘இனேஷ்’ ஆண் பெயராகத்தான் விழும். பத்திரிகை அடித்து அனுப்பினால் ‘பையனா?’ என்று நான்கு பேராவது தொலைபேசியில் கேட்பார்கள். ‘இனேஸ்’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் ஓரளவு குறையும், ஆனால் அது ஸ்பானிய ஒலி. குழந்தை வளரப்போவது போர்ச்சுகலில். அவளைப் பள்ளியில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே பாட்டியும் கூப்பிடட்டும் என்பதால் ‘இனேஷ்’ என்றே எழுதச் சொல்வேன். செல்லமாக ‘இனெசீன்யா’, ‘இனெசிட்டா’ என்றெல்லாம் அங்கே அழைப்பார்கள். ‘அம்மு’ என்று உங்கள் அம்மா அழைப்பதையும் யாரும் தடுக்கப்போவதில்லை.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதுதான் அம்மாவின் உள்மன ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. போர்த்துகீசியப் பதிவுச் சட்டப்படி ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் ஆறு சொற்கள் கொண்ட பெயர் வைக்கலாம்: அவற்றில் இரண்டு இயற்பெயர்கள், நான்கு குடும்பப் பெயர்கள். இயற்பெயர்களை அந்நாட்டில் ஏற்கப்பட்ட பெயர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொது விதி. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்தால் அந்த நாட்டில் வழங்கும் பெயரையும் அனுமதிப்பார்கள். எனவே இனேஷ் என்பதை முதல் பெயராகவும், அம்மா தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பெயரை இரண்டாவது பெயராகவும் பதிவு செய்ய இடமுண்டு. மருத்துவமனையிலேயே பெயரைப் பதிவு செய்யும் வசதி அங்கே பல இடங்களில் இருப்பதால், குழந்தை பிறப்பதற்கு முன்பே தமிழ்ப் பெயரை முடிவு செய்து, அதை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் தம்பியோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘ழ’கரம் உள்ள பெயர் என்றால் அவர்கள் வாயில் என்ன பாடுபடும் என்று தம்பி மனைவியிடம் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.